பட்டாவில் ஒரு 'மேற்படி': நான்கரை ஆண்டு இழுத்த திருத்தம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வட தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில், ஒரு குடும்பத்தின் பட்டாவில் இருந்த ஒரே ஒரு சொல்லைத் திருத்துவதற்கு 2019 பிப்ரவரி முதல் 2023 செப்டம்பர் வரை ஆயிற்று. யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் எதிர்க்கவில்லை, நிலத்தின் மேல் வழக்கும் கிடையாது. அப்படியிருந்தும் இவ்வளவு காலம் ஏன் பிடித்தது என்பதை எழுதி வைப்பது பயன்படும் என்று தோன்றியது. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். ஊரில் மனு எழுதித் தருகிறவன். இந்த விவகாரத்தில் பாதி வழியில்தான் சேர்ந்தேன். அதற்கு முந்தைய பகுதியைக் குடும்பத்தார் சொன்னதையும் அவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்தியிருந்த காகிதங்களையும் வைத்து எழுதுகிறேன். ஆட்களின் பெயர், ஊர், புல எண் எதையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

குடும்பத் தலைவர் 1964-இல் 1 ஏக்கர் 42 சென்ட் புன்செய் நிலத்தைக் கிரயம் வாங்கினார். பத்திரம் பதிவானது. வரி கட்டினார், கேழ்வரகும் மணிலாவும் (நிலக்கடலை) போட்டார், 2016-இல் இறந்துபோனார். மனைவி, இரண்டு மகன்கள், மணமாகி வேறு ஊரில் இருக்கும் ஒரு மகள் என நான்கு வாரிசுகள். அடுத்த ஆண்டே வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். பட்டாவைப் பெயர் மாற்ற யாரும் போகவில்லை. பங்கு பிரிக்காத வரை பட்டா அப்பா பெயரிலேயே இருக்கட்டும் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தாத்தா பெயரிலேயே இன்னும் ஓடும் பட்டாக்களும் இங்கே நிறைய உண்டு.

தமிழ்நாட்டில் 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊர்க்காரர்களுக்கு அது 'யுடிஆர்'. பழைய பதிவேடுகள் அப்போது புதிதாக எழுதப்பட்டன, ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏருமாக மாறின, உட்பிரிவுகள் போடப்பட்டன. இன்று கணினியில் வரும் பட்டாவுக்கு மூலம் அந்தப் பதிவேடுதான். அந்தக் காலத்திலேயே, 1980 நவம்பரில், கிராமங்களில் பரம்பரையாக இருந்து வந்த மணியம் (ஊர்த் தலைமை), கர்ணம் (ஊர்க் கணக்கு) பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஒழித்தது சரியா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் எந்த நிலம் யாருடையது, அவருடைய அப்பா யார் என்று நினைவிலிருந்தே சொல்லக்கூடிய ஆள் நாற்காலியை விட்டு எழுந்த அதே ஆண்டுகளில்தான் புதுப் பதிவேடும் எழுதப்பட்டது. யுடிஆர் பிழைகள் என்று இன்று நாம் அலைகிற பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

பிழை கண்ணில் பட்டது

2019 பிப்ரவரியில் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது. விண்ணப்பிப்பதற்காக மூத்த மகன் இ-சேவை மையத்தில் பட்டா எடுத்தார். உரிமையாளர் பெயர் அப்பாவுடையது. பரப்பு 0.57.5 ஹெக்டேர், அதாவது அதே 1 ஏக்கர் 42 சென்ட். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தாத்தாவின் பெயருக்குப் பதில் பக்கத்து நிலக்காரருடைய தந்தையின் பெயர் இருந்தது.

அந்தத் திட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டுறவுச் சங்கக் கடன், வாரிசுப் பெயர் மாற்றம், நாளைக்கு விற்பனை என்று எதற்குப் போனாலும் 'நீங்கள் இவருடைய மகன் என்பதற்கு என்ன ஆதாரம்' என்ற கேள்வி வரும். அப்பா உயிரோடு இருந்த வரை இந்தப் பிழை யாரையும் கடிக்கவில்லை. கிராம அலுவலகத்தில் இருந்தவருக்கு ஆளைத் தெரியும். ஆளைப் பார்த்து ரசீது போட்டார். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தாத்தாவைத் தெரிய வாய்ப்பில்லை.

முதல் மனு போன வழி

மார்ச் 10-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டு நன்னடத்தை விதிகள் வந்தன. திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டம் நின்றது. எனவே ஜூன் மாதம் ஜமாபந்தியில்தான் மனு கொடுக்க முடிந்தது. பசலி (வருவாய் ஆண்டு) 1428-க்கான வருவாய்த் தீர்வாயம் அது, அதாவது கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் கூட்டம். அந்த மனுவின் நகலைப் பிறகு பார்த்தேன். தந்தை பெயரைத் திருத்த வேண்டும், அப்பா இறந்துவிட்டதால் வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும், இரு மகன்களுக்கும் நிலத்தை உட்பிரிவு செய்து தர வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள் ஒரே பக்கத்தில் இருந்தன. மகளின் பெயரே இல்லை. இது பின்னால் முக்கியமாகிறது.

செப்டம்பரில் வட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கோரிக்கை இவ்வலுவலக அதிகார வரம்புக்கு உட்பட்டதன்று என்பதால் உரிய மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது என்று ஒரே வாக்கியம். எங்கே அனுப்பப்படுகிறது என்று மூத்தவர் கேட்டுக்கொள்ளவில்லை. நவம்பரில் மாவட்டமே இரண்டாகப் பிரிந்தது. 2020 ஜனவரியில் விசாரிக்கப் போனபோது, கோப்பு பழைய மாவட்டத் தலைமையகத்தில் இருக்கிறது, புதிய மாவட்டத்துக்கு வர வேண்டிய கட்டுகளில் அது இருக்கலாம் என்றார்கள். மார்ச் கடைசியில் ஊரடங்கு. அதன்பின் ஆறு மாதம் யாரும் எதையும் கேட்கவில்லை.

2020 அக்டோபரில் அந்த பிளாஸ்டிக் பை என் வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

நான் செய்த முதல் தவறு

பையைப் பிரித்துப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எழுதும் மனு நன்றாக எழுத வரும். அதை நேரே சென்னைக்கு அனுப்பினோம். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தால் கீழே வேலை நடக்கும் என்ற நம்பிக்கை எல்லோரையும் போல எனக்கும் இருந்தது. அந்த மனு சென்னையிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து கோட்டத்துக்கும், பிறகு வட்டத்துக்குமாக இறங்கி, கடைசியில் அதே வட்ட அலுவலகத்தில் ஓர் உதவியாளரின் மேசைக்கு வந்தது. அவர் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும், அதுவும் கெடுவுக்குள். 'மனுதாரரின் கோரிக்கை ஏற்கனவே மேல் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று எழுதினார். கணினியில் மனு தீர்வு செய்யப்பட்டதாகக் காட்டியது. பழைய கோப்பைத் தேட வேண்டிய அவசியமும் அதோடு போயிற்று. ஒரு மாத உழைப்பில் ஒரு கதவை நானே சாத்தியிருந்தேன்.

பதிவேட்டைப் பார்த்த நாள்

அதன் பிறகு வழியை மாற்றினோம். கோரிக்கை வைப்பதை நிறுத்திவிட்டு, பிழை எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ள முடிவு செய்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, யுடிஆருக்கு முந்தைய பதிவேடு, யுடிஆர் பதிவேடு, புலப்படம் மூன்றையும் கேட்டோம். நகலோடு நிறுத்தாமல் பதிவேடுகளை நேரில் பார்வையிடவும் அனுமதி கேட்டோம். சட்டம் அதற்கும் இடம் தருகிறது. 30 நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு, 2021 பிப்ரவரி முதல் வாரத்தில் வரச் சொன்னார்கள்.

பதிவறையில் இருந்தவர் துணியில் கட்டிய கட்டை இறக்கித் தூசி தட்டி வைத்தார். பக்கங்களின் ஓரம் பொடியாக உதிர்ந்தது. பழைய பதிவேட்டில் நம் புல எண்ணுக்கு நேரே, தந்தை பெயராகத் தாத்தாவின் பெயர் தெளிவாக இருந்தது. யுடிஆர் பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் முதல் வரி பக்கத்து நிலக்காரருடையது. அவருடைய தந்தை பெயர் முழுதாக எழுதப்பட்டிருந்தது. அடுத்த வரி அவருடைய தம்பியுடையது. தந்தை பெயர்ப் பத்தியில் 'மேற்படி'. சரிதான், இருவருக்கும் அப்பா ஒருவர்தான். மூன்றாவது வரி நம்முடையது. அங்கும் 'மேற்படி'. எழுதியவரின் பேனா மூன்றாவது தடவையும் பழக்கத்தில் ஓடியிருக்கிறது. நான்காவது வரியிலும் 'மேற்படி' இருந்தது. ஐந்தாவது வரியில்தான் விழித்துக்கொண்டு முழுப் பெயர் எழுதியிருக்கிறார்.

நான் பக்கத்தின் மேல் ஓர் அளவுகோலை வைத்து மூத்தவருக்குக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "இதற்கா சார் இவ்வளவும்?" என்றார். பதிவறைக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி நிறைய இருக்கும் ஐயா, யார் பார்க்கிறார்கள்?" என்றார். அந்த அலுவலகத்தில் எங்களோடு நின்று பிழையைப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

அன்றைக்குத்தான் தாமதத்தின் காரணமும் எனக்கு விளங்கியது. எழுத்துப்பிழை என்றால் வட்ட அளவிலேயே திருத்தலாம் என்றும், உரிமையாளரே மாறுகிறார் என்றால் மேல் அலுவலர் விசாரித்து ஆணையிட வேண்டும் என்றும் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். தந்தை பெயர் தவறு என்பது இதில் எந்த வகை? ஒரு கண்ணுக்கு அது எழுத்துப்பிழை. இன்னொரு கண்ணுக்கு, 'இன்னாருடைய மகன்' என்று இருப்பதை 'வேறு ஒருவருடைய மகன்' என்று மாற்றுவது ஆளையே மாற்றுவது. கீழ் அலுவலகம் அதை இரண்டாவது வகையாகப் பார்த்தது, மேல் அலுவலகம் முதல் வகையாகப் பார்த்தது. கையெழுத்துப் போட்டவர் மேல் நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். போடாமல் விட்டவரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இதைச் சோம்பல் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கும்போது நானும் பள்ளி மாற்றுச் சான்றிதழ்களில் பிறந்த தேதியைத் திருத்தத் தயங்கியவன்தான்.

வீட்டுக்குள் நடந்த விசாரணை

பதிவேட்டு நகல் கைக்கு வந்துவிட்டதால் மார்ச்சிலேயே புது மனு போட்டிருக்கலாம். ஜூலை ஆயிற்று. அந்த நான்கு மாதத்துக்குத் தேர்தலும் கொரோனா இரண்டாம் அலையும் பாதிக் காரணம். மீதிப் பாதி வீட்டுக்குள் இருந்தது.

மனுவில் நான்கு வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும் என்றேன். மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. தங்கைக்கு நகை போட்டுச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுக்கு நிலத்தில் என்ன இருக்கிறது என்றார். அப்பா தன் பணத்தில் கிரயம் வாங்கிய நிலம், உயில் எழுதாமல் இறந்திருக்கிறார், அப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது என்று சொன்னேன். "அது எழுத்தில் இருக்கும் சார்" என்றார். அறுபத்தைந்து ஆண்டுப் பழைய சட்டம் இன்னும் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. வட்ட அலுவலகத்தில் ஒரு கோப்பு இருபது மாதம் கிடந்ததற்குக் கொதித்த மனிதர்தான் அவர்.

சித்திரையில் மகள் வந்திருந்தபோது பேச்சு எழுந்தது. நானும் அங்கே இருந்தேன். அவர் சண்டை போடவில்லை. "அண்ணா, எனக்குக் காணி பிரித்துத் தர வேண்டாம். அப்பாவுக்கு யார் அப்பா என்று திருத்தத்தான் இவ்வளவு அலைகிறீர்கள். அப்பாவுக்கு மகள் இல்லை என்று நாமே எழுதித் தரலாமா?" என்று மட்டும் கேட்டார். மூத்தவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. பிறகு, "நான் கைநாட்டு வைக்க வேண்டுமென்றால் அவளும் வைக்க வேண்டும்" என்றார். அத்துடன் முடிந்தது என்று சொல்ல முடியாது. இளையவர் இரண்டு முறை போய்ப் பேச வேண்டியிருந்தது. ஜூன் கடைசியில் மூத்தவர் சம்மதித்தார். மனம் மாறியா, கோப்பு நகர வேண்டும் என்பதாலா என்று நான் கேட்கவில்லை.

எடுத்த முடிவுகள்

இடையில் ஒரு தரகர் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். மறுத்தோம். நேர்மை ஒரு காரணம். குறுக்கு வழியில் கணினியில் ஏறிய திருத்தம் நாளைக்கு ஆணை எண் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். உரிமையில் தகராறே இல்லாதபோது வழக்கு எதற்கு, அதுவும் ஆண்டுக்கணக்கில்தானே போகும் என்று விட்டோம்.

மூன்று கோரிக்கைகளையும் பிரித்தோம். உட்பிரிவை முற்றாகக் கைவிட்டோம். வாரிசுப் பெயர் மாற்றத்தைத் தள்ளி வைத்தோம். தந்தை பெயரைத் திருத்துவது ஒன்றுக்கு மட்டும் மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு. ஒரே மனுவில் மூன்று இருந்தால், ஒவ்வொரு மேசையிலும் 'இது என்னுடையதல்ல' என்று சொல்ல ஏதாவது ஒன்று அகப்படும். மனுவின் நடையையும் மாற்றினோம். வயது முதிர்ந்த தாயார், ஏழை விவசாயி போன்ற சொற்களை எல்லாம் எடுத்தேன். அந்த இடத்தில் ஓர் அட்டவணை வந்தது: 1964 கிரயப் பத்திரத்தில் என்ன பெயர், என்ன பரப்பு, பழைய பதிவேட்டில் என்ன, யுடிஆர் பதிவேட்டில் என்ன, இன்றைய பட்டாவில் என்ன. நான்கு வரி. கூடவே வில்லங்கச் சான்று, கிஸ்தி (நிலவரி) ரசீதுகள், பதிவேட்டுப் பக்கத்தின் நகல். நகலில் மூன்றாவது வரியில் பென்சிலால் ஒரு கோடு. படிப்பவருக்கு இரக்கம் வர வேண்டியதில்லை, கையெழுத்துப் போடப் பயம் போக வேண்டும் என்பதுதான் கணக்கு.

விசாரணையும் ஆணையும்

செப்டம்பர், அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்து போனது. 2022 பிப்ரவரியில் விசாரணைக்கு அழைத்தார்கள். பக்கத்து நிலக்காரரின் வாரிசுக்கும் அறிவிப்பு போக வேண்டும்; அவருடைய பேரன் நகரத்தில் வேலையில் இருக்கிறார், அறிவிப்பு ஊர் முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டது. ஏப்ரலில் இரண்டாம் விசாரணை. இந்த முறை இளையவரே நகரத்துக்குப் போய்ப் பேரனை அழைத்து வந்தார். அவர் 'எங்களுக்கும் அந்த நிலத்துக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஐந்து நிமிட வேலை. அடுத்த மாதமே அலுவலர் மாறுதலில் போனார். புதிதாக வந்தவர் தானே ஒருமுறை கேட்க வேண்டும் என்று ஆகஸ்டில் மறுபடி அழைத்தார். எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் அவர் அட்டவணையைப் பார்த்தார், பென்சில் கோட்டைப் பார்த்தார், சிரித்தார். "மேற்படி" என்று வாய்விட்டுப் படித்தார். நவம்பரில் ஆணை வந்தது, ஒன்றரைப் பக்கம்.

ஆணை வந்ததும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். அவசரப்பட்டுவிட்டோம். ஆணை வட்ட அலுவலகத்துக்குப் போய், கணினியில் திருத்தம் ஏற இன்னும் ஏழு மாதம் ஆயிற்று. தபாலில் வரவில்லை என்றார்கள். வந்தது, பிரிவுக்கு வரவில்லை என்றார்கள். பிரிவில் இருக்கிறது, உதவியாளர் மாறிவிட்டார் என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். 2023 ஜூனில் தந்தை பெயர் திருத்தத்தோடு பட்டா வந்தது. வாரிசுப் பெயர் மாற்றம் அதன் பிறகு மூன்றே மாதத்தில் முடிந்தது. செப்டம்பரில் நான்கு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா.

இந்தக் காலத்தில் நான்கு வட்டாட்சியர்கள், மூன்று கிராம நிர்வாக அலுவலர்கள், இரண்டு மாவட்ட வருவாய் அலுவலர்கள். பதிவேட்டைப் புரட்டியது, வாக்குமூலம் எழுதியது, ஆணை தட்டச்சு செய்தது, கணினியில் ஏற்றியது என்று கோப்பின் மேல் உண்மையில் நடந்த வேலையைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு வேலைநாள் தேறாது.

மறுபடி செய்வதென்றால்

முதல் நாளே பதிவேட்டைப் பார்வையிடக் கேட்பேன், மனு பிறகு. சென்னைக்கு எழுத மாட்டேன். 'மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது' என்று பதில் வந்த அன்றே எந்த அலுவலகம், எந்தப் பிரிவு, என்ன ந.க. எண் (கோப்பின் எண்) என்று கேட்டு எழுதி வாங்குவேன். 2019 செப்டம்பரில் அதைச் செய்திருந்தால் மாவட்டப் பிரிவினையில் கோப்பு தொலைந்திருக்காது. பக்கத்து நிலக்காரரை அறிவிப்பு போகும் முன்பே பார்த்துப் பேசியிருப்பேன். ஆணை வந்த மறுநாளே அதன் நகலோடு வட்ட அலுவலகத்துக்குப் போயிருப்பேன், இனிப்புக்கு அவசரமில்லை.

அலுவலகப் பக்கத்தில் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால், அதிகாரம் இல்லை என்று எழுதும் கடிதத்திலேயே யாருக்கு இருக்கிறது என்றும் எழுத வேண்டும் என்று கேட்பேன். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், இன்னொரு வரி போதும்.

வீட்டுப் பேச்சை இன்னும் முன்னால் தொடங்கியிருப்பேனா என்பதில் எனக்கே நிச்சயமில்லை. முன்னால் தொடங்கியிருந்தால் மூத்தவர் மனுவையே விட்டிருக்கக்கூடும்.

இப்போதைய நிலை

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைத்துவிட்டது. உதவித்தொகையில் தவறிப்போன தவணைகள் கிடைக்கவில்லை. மகள் பட்டாவின் நகல் ஒன்றை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

பதிவேட்டின் நான்காவது வரியிலும் ஒரு 'மேற்படி' இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்த நிலம் இதே ஊரில் இன்னொரு குடும்பத்துடையது; அதுவும் தவறுதான். பதிவேட்டு நகல் என்னிடம் இருப்பதையும், பாதி வேலை முடிந்த மாதிரி என்பதையும் சென்ற பொங்கலுக்கு அந்த வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "பார்க்கலாம் வாத்தியாரே, இப்போது என்ன அவசரம்?" என்றார்.